இடது கதவு ஸ்பீக்கர்

"ஸ்பீக்கருதாண்ணே போயிருக்கும். பதினாறு வருச வண்டி. அந்தக் காயித கோனு எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்றான் அஸ்லாம், பிக்கப்பின் இடது கதவை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே.

வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்தது போல இருந்தது நல்லுசாமிக்கு. அதை இன்னொரு தடவை சொல்ல வைத்துக் கேட்கவேண்டும் என்று ஆசை வந்தது.

"ஸ்பீக்கருதாங்கிற?"

"பின்ன? வேற என்னா இருக்கப் போவுது?"

வேறு என்ன இருக்கப் போகிறது என்ற கேள்வியோடுதான் அவர் இருபத்து மூன்று நாளாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தார். இடது கதவு ஸ்பீக்கர் கெட்டுப்போயிருந்தால் அவருடைய காது நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் காது போய்விட்டது. இது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். பெரம்பலூர் துறையூர் ரோட்டில் பத்து வருடமாக ஸ்பீக்கர் மாட்டுகிற அஸ்லாமுக்குத் தெரியாது. கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த மனைவி தேவயானிக்கும் தெரியாது.

"வெங்காய மூட்ட ஏத்துற வண்டிக்குப் பாட்டு ஒண்ணுதான் கொறச்சலுன்னு இத்தன நாளாச் சொல்லிக்கிட்டிருந்தவதான் பாய் நானு," என்றாள் தேவயானி. "ஞாயித்துக்கெழம நடந்ததப் பாத்தப்பறம் நானே இழுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"என்னா அண்ணி நடந்துச்சு?"

"அவரையே கேளுங்க. எமனுக்கு வழி வுட்டாரு."

நல்லுசாமி சிரித்து வைத்தார். அவள் விடவில்லை.

"வி.கைகாட்டி தாண்டி வந்துக்கிட்டிருக்கோம். பின்னால ஒரு சுண்ணாம்புக்கல்லு டிப்பரு. ஆரன் அடிச்சிக்கிட்டே லெப்ட்டுல ஏறி வாரான். அவனுவ எப்பதான் ரைட்டுல ஏறுனானுவ? இவரு என்னா பண்ணாரு தெரியுமா? வழி வுடுறேன்னு வண்டிய லெப்ட்டுல ஒடிக்கிறாரு. அவன் மேலயே!"

"யா அல்லா!"

"நான் ஒக்காந்திருக்கிற பக்கம் பாய் அது. டயரு என் மூஞ்சிக்கு நேரா சுத்துது. அந்த டிப்பர்காரன் புண்ணியவான், அவன் மண்ணுல எறக்கிட்டான். இந்தா பாருங்க, கண்ணாடியோட போச்சு." இடது பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. "கேட்டா, லெப்ட்டு ஸ்பீக்கரு பாடல, எல்லாச் சத்தமும் ரைட்டுலயே வந்து காது கொழம்பிப் போச்சுங்கிறாரு."

அன்று ரோட்டோரத்தில் நின்றபோது வாய்க்கு வந்த பொய் அது. சொன்ன பிறகு, அதுவே உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நப்பாசை பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அந்த ஆரன் சத்தம் வலது பக்கம்தான் வந்தது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வார். கொஞ்ச நாளாக அவருக்கு எல்லாச் சத்தமும் வலது பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

செந்துறைக்குப் பக்கத்தில் தன் வீட்டில் ஒரு காலையில் எழுந்தபோது இடது காது தண்ணீர் போன மாதிரி அடைத்துக் கிடந்தது. உள்ளே எங்கோ தூரத்துக் காட்டில் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் ஓடுவது போல இரைச்சல். அழுக்காக இருக்கும் என்று நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி விட்டுக்கொண்டார். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தார். மெஷின் நிற்கவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று படுத்தார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. நல்லுசாமிக்குக் காது கேட்கவில்லையாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், மறுநாளே அரியலூர் மண்டி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் எவன் நம்பி லோடு ஏற்றுவான்? வண்டியில் அவருக்கு இடது பக்கம்தான் தேவயானி உட்காருவாள். என்ஜின் சத்தத்தில் அவள் பேசுவது ஒன்றும் விழாது. அவள் உதடு நின்றதும் "ம்" என்று சொல்லிவிடுவார். இருபத்து மூன்று நாள் குடித்தனம் அந்த "ம்"மில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"வர்ற வெள்ளிக்கெழம எங்க தம்பி கலையரசன் புள்ளைக்குச் சிறுவாச்சூருல முடி எறக்குறோம்," என்று அஸ்லாமிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் தேவயானி. "இருவது உருப்படி பின்னால ஏறணும். போன வாரம் வண்டில போவயில இவருகிட்டக் கேட்டேன், நீங்களே கொண்டாந்து வுட்டுருங்களேன்னு. ம்முன்னாரு. பாட்டு இல்லாம அதுங்க வண்டில ஏறுமா?"

நல்லுசாமியின் காதில் அந்தக் கேள்வி விழவே இல்லை. மச்சினன் போன் போட்டு, "ரொம்பச் சந்தோசம் மாமா, அக்கா சொல்லிச்சு," என்றபோதுதான் தான் எதற்கு "ம்" கொட்டினோம் என்று தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பின்னால் இருபது பேர். அதில் ஏழெட்டு குழந்தைகள். இன்றைக்குப் புதன்.

"தம்பி, கொஞ்சம் வெரசாப் பாரு," என்றார்.

அஸ்லாம் கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடிக்குப் பின்னால் பழைய துணி ஒன்றை நுழைத்து இப்படியும் அப்படியும் அறுப்பது போல இழுத்தான். உள்ளே இருந்த கம்பி வளையம் தெறித்துத் தரையில் ஓடியது. ஸ்குரூக்களைக் கழற்றி, கதவின் உள்பக்கத்தை மூடியிருந்த டோர் பேடைக் கீழிருந்து நெம்பி எடுத்தான். உள்ளிருந்து வெங்காயச் சருகும் செம்மண்ணும் பொலபொலவென்று கொட்டின.

"கதவுக்குள்ளயே வெள்ளாம வெச்சிருக்கீங்களே அண்ணே!"

"நீ ஸ்பீக்கரப் பாரு."

நான்கு ஸ்குரூவையும் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்ததும் நல்லுசாமி அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கறுப்புக் கோனின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல்.

"கிழிஞ்சிருக்கு! தேவயானி, இங்க வா, கிழிஞ்சிருக்கு பாரு!"

"அதுக்கு ஏன் பேரன் பொறந்த மாதிரி கத்துறீங்க?" என்றாள் அவள்.

அஸ்லாம் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சில் பேட்டரியை எடுத்தான். ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்த இரண்டு முனைகளிலும் சின்ன வயரால் தொட்டான். டப் என்றது. மறுபடி தொட்டான். கோன் முன்னால் தள்ளிப் பின்னால் வந்தது, படுத்திருக்கிற ஆட்டின் வயிறு மாதிரி.

"உசுரு இருக்குண்ணே. கிழிஞ்ச எடம் கொஞ்சம் கரகரங்கும். ஆனா பாடாம இருக்காது."

நல்லுசாமி இன்னும் குனிந்தார். "வயரு அந்துருக்கும். நல்லாப் பாரு."

"வயரையும் பாத்துருவோம்." பார்த்தான். "வயரு கல்லாட்டம் இருக்கு."

"அப்ப புதுசு போடு. ரெண்டு பக்கமும் புதுசு போட்டுரு."

"போடத்தான போறோம். என்னா கோளாறுன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போடுவோமேன்னு பாத்தேன்."

தெரிந்துகொள்ள வேண்டாம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. பேசாமல் போய் ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அஸ்லாம் இடது கதவில் புது ஸ்பீக்கரை மாட்டி, வயரைச் செருகி, பாட்டைப் போட்டான். கோயில் திருவிழாவுக்குப் போடுகிற மேளப்பாட்டு. நல்லுசாமி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். தவில் வலது பக்கம் அடித்தது. நாதஸ்வரம் வலது பக்கம் ஊதியது. இடது பக்கம் அந்த மக்காச்சோள மெஷின் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுவும் பாடலியே," என்றார். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

"பாடலியா? துறையூரு வரைக்கும் கேக்குதுண்ணே!"

தேவயானி எழுந்து வந்து இடது கதவோரம் குனிந்தாள். "நல்லாக் கேக்குதுங்க. காதப் பொளக்குது."

"அந்தப் பக்கத்து ஸ்பீக்கரு சத்தத்துல இது அமுங்குது. வேற ஒண்ணுமில்ல."

"வயரு மாறி ரெண்டும் ஒண்ணா ஓடுதோ என்னமோ," என்று தலையைச் சொறிந்த அஸ்லாம், பாட்டை நிறுத்திவிட்டுச் சுற்றி வந்தான். வலது கதவின் பேடையும் கழற்றிச் சுவரில் சாத்தினான். பழைய ஸ்பீக்கரின் ஸ்குரூக்களை எடுத்துவிட்டு, அது அதன் குழியிலேயே தொத்திக்கொண்டு நிற்கும்படி விட்டான். கதவை நல்லுசாமியின் முழங்காலோடு ஒட்டினாற்போலச் சாத்தினான்.

"அண்ணே, கண்ண மூடிக்குங்க. பாட்டு போடுறேன். எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் கையக் காட்டுங்க. எந்த வயரு எதுக்குப் போவுதுன்னு புடிச்சிரலாம்."

"கண்ண எதுக்கு மூடணும்?"

"மூடுங்களேன், கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்படுறீங்க," என்றாள் தேவயானி.

மூடிக்கொண்டார். இடது என்று சொல்லிவிடலாமா? தப்பாகிப் போனால்? கேட்கிறதைச் சொல்வோம், கேட்கிறதைச் சொன்னால் எப்படித் தப்பாகும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். பாட்டு தொடங்கியது. முன்னைவிடக் கொஞ்சம் மெல்லிசு. ஆனால் சந்தேகமே இல்லை.

"இந்தா. இந்தப் பக்கம்."

வலது கையை நீட்டி ஸ்பீக்கரைத் தொடப் போனார். கை எதையும் தொடவில்லை. மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. சில்லென்ற தகரமும் பிசுபிசுவென்று கிரீஸும் விரலில் பட்டன.

கண்ணைத் திறந்தார். கதவில் வட்டமாக ஓட்டை. வெளியே நின்றிருந்த அஸ்லாமின் கையில், ஜன்னல் வழியாக அவன் எடுத்திருந்த பழைய ஸ்பீக்கர், வயர் பிடுங்கப்பட்டு, ஊமையாக. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இல்லாத ஸ்பீக்கரிலிருந்து அவருக்கு மட்டும் தவில் கேட்டுக்கொண்டிருந்தது.

அஸ்லாம் உள்ளே கையை விட்டுப் பாட்டை நிறுத்தினான்.

"தமாசுக்குப் பண்ணேன்," என்றார் நல்லுசாமி. "நீங்க என்னா செய்றீங்கன்னு பாத்தேன்."

அஸ்லாமின் கண் அவரைத் தாண்டி எதையோ பார்த்தது. இடது பக்கம். அங்கே தேவயானி நிற்கிறாள் என்று நல்லுசாமி ஊகித்தார். அவள் ஏதோ பேசுகிறாள் போல. அஸ்லாமின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே அது முடிகிற இடத்துக்காகக் காத்திருந்தார். முடிந்தது போல் இருந்தது.

"ம்," என்றார்.

தேவயானி வண்டியைச் சுற்றி வலது பக்கம் வந்தாள். அவள் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நான் என்னா சொன்னேன்னு ம்முங்கிறீங்க?"

"அதான்... போவலாம்னு."

"எங்கம்மா செத்துப்போச்சு, இப்பத்தான் போன் வந்துச்சுன்னு சொன்னேன்."

"அய்யய்யோ, எப்ப?"

"வரதராஜன்பேட்டைல அது குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கு. அத வுடுங்க. எத்தன நாளா இப்படி?"

"என்னா எப்படி? ரெண்டு நாளாச் சளி புடிச்சிக்கிட்டு லேசா அடைக்குது."

"ரெண்டு நாளா? ஞாயித்துக்கெழம முடிஞ்சி மூணு நாளாச்சுங்க."

"அண்ணே," என்றான் அஸ்லாம். அவன் குரலில் இருந்த விளையாட்டெல்லாம் போயிருந்தது. "நான் துபாயில இருக்கயில எங்க மாமுவுக்கும் இப்படித்தான் ஆச்சு. காலைல எந்திரிக்கிறாரு, ஒரு காது இல்ல. அன்னிக்கே தூக்கிட்டுப் போனோம். மருந்து குடுத்தாங்க, முக்காவாசி திரும்பி வந்துருச்சு. அந்த டாக்டரு என்னா சொன்னாருன்னா, சீக்கிரம் வந்ததால ஆச்சு, நாளு போவப் போவ நரம்பு செத்துரும், அப்பறம் எதக் குடுத்தாலும் வராதுன்னாரு. நீங்க சரியாச் சொல்லுங்க. எத்தன நாளு?"

நாளு போவப் போவ. நல்லுசாமிக்குத் தன் இருபத்து மூன்று நாளும் கண்முன் வந்து நின்றன. பூண்டு எண்ணெய் விட்ட நாள், குதித்த நாள், நாளைக்குப் பார்ப்போம் என்ற நாள். சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் போய்விட்டது என்று ஆகிவிடும்.

"கதவ மூடு. நான் வூட்டுக்குப் போறேன்," என்றார்.

"பேடு மாட்டலண்ணே, இந்தப் பக்கம் ஸ்பீக்கரே இல்ல."

"வந்து மாட்டிக்கிறேன். தள்ளு."

சாவியைத் திருகினார். என்ஜின் பிடித்துக்கொண்டது. தேவயானி ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அவள் வண்டிக்குக் குறுக்கே விழுவாள், சத்தம் போடுவாள், சாவியைப் பிடுங்குவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சுற்றிப் போய், பேடு இல்லாத இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாக உட்காருகிற இடத்தில். டிப்பர் டயர் சுற்றிய பக்கத்தில்.

"எறங்குடி."

அவள் ஏதோ சொன்னாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க, நானும் வரேன்னு சொன்னேன்," என்று இந்தத் தடவை கத்தினாள். முன்னாலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய இமை துடித்துக்கொண்டிருந்தது.

வண்டி கடையைப் பார்த்தாற்போல நின்றது. பின்னால் எடுத்துத்தான் ரோட்டில் ஏற்ற வேண்டும். ரிவர்ஸ் போட்டார். இடது பக்கக் கண்ணாடி இல்லை. வலது பக்கக் கண்ணாடியில் ரோடு காலியாகக் கிடந்தது. கிளட்சை விட்டார். வண்டி பின்னால் நகர்ந்தது. ஆரன் சத்தம் கேட்டது. வலது பக்கம். தலையை வெளியே நீட்டி நன்றாகத் திரும்பிப் பார்த்தார். ஒரு சைக்கிள்கூட இல்லை. எங்கோ தூரத்தில் போகிறது என்று இன்னும் கொஞ்சம் விட்டார்.

"நில்லுங்கண்ணே! நில்லுங்க!" என்று அஸ்லாம் ஓடிவந்து பக்கப் பலகையை இரண்டு கையாலும் அறைந்தான்.

பிரேக்கில் ஏறி மிதித்தார். இடது பக்கத்திலிருந்து வந்த மினி பஸ் ஒன்று பின் பலகையை உரசுகிற மாதிரி கடந்து போனது. அது கிளப்பிய காற்றில் பிக்கப் ஒரு தடவை ஆடி நின்றது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் போயின. கடைசி ஜன்னலில் யூனிபார்ம் போட்ட ஒரு பெண் பிள்ளை வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டு போனது. நடத்துனர் படியில் தொங்கிக்கொண்டு எதையோ சொல்லித் திட்டினார். நல்ல வேளையாக அதுவும் கேட்கவில்லை.

நல்லுசாமியின் கால் பிரேக்கிலேயே இருந்தது. எடுக்க முடியவில்லை. ரோட்டில் பாதி, கடையில் பாதியாக வண்டி நின்றது. வெள்ளிக்கிழமை பின்னால் இருபது பேர் ஏறியிருப்பார்கள். அந்தப் பலகைமேல் குழந்தைகள் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினார்.

"தம்பி, வண்டிய நீயே எடுத்து ஓரமா வுடு."

அஸ்லாம் வாங்கிக்கொண்டான். தேவயானி கண்ணைத் திறக்கவில்லை. அவர் அவள் பக்கம் முழு உடம்பையும் திருப்பினார்.

"இருவத்து மூணு நாளாச்சு."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அடிப்பாள் போல இருந்தது. பிறகு கைப்பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.

"இருவத்து மூணு நாளும் நான் ஒரு சொவத்துகிட்டயா பேசிக்கிட்டிருந்தேன்?" என்றாள். "மனுசன் மனசுல என்னா கோவமோன்னு ஒரு நாளும் ஒழுங்காத் தூங்கலங்க நானு."

"பயந்துட்டேண்டி."

"பயந்தா எங்கிட்டதான சொல்லணும்? ஸ்பீக்கருகிட்டயா சொல்லுவாங்க?"

இருவரும் இறங்கியதும் அஸ்லாம் வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்திவிட்டு வந்தான். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு காது டாக்டர் நாலு மணிக்கு உட்காருவார், தானே பைக்கில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். "இன்ஷா அல்லா, கொஞ்சமாவது வரும்ணே," என்றான். சொன்னபோது அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நல்லுசாமி கவனித்தார். இருபத்து மூன்று நாளில் காது போனாலும் மற்றவர் முகம் படிப்பதில் தேறியிருந்தார்.

"மொதல்ல ஒரு போன் போடணும்," என்றார்.

கலையரசன் இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"மாமா, ஸ்பீக்கரு மாட்டியாச்சா? புள்ளைங்க இப்பவே எந்தப் பாட்டுன்னு சண்ட போடுதுங்க."

"மாப்ள, வெள்ளிக்கெழமைக்கு வேற வண்டி பாத்துக்க."

"ஏன் மாமா? சரியாவலியா?"

தேவயானி பக்கத்தில் நின்றாள். அஸ்லாம் கீழே குனிந்து வெங்காயச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தான். நல்லுசாமி போனை வலது காதில் இன்னும் அழுத்தினார்.

"ஸ்பீக்கரு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒரு காது கேக்கல. அன்னிக்கி டிப்பருகிட்ட ஒங்கக்காவ நான்தான் கொல்லப் பாத்தேன்."

போனில் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகளின் கூச்சலும் இல்லை. நல்லுசாமி காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. இந்தக் காதும் போய்விட்டதா? இப்போதா? நின்ற நிலையிலேயா?

"கலை," என்றார். "கலையரசா! டேய், பேசுடா! ஏதாவது பேசுடா!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேவயானி அவர் கையைப் பிடித்தாள்.

"இருக்கேன் மாமா," என்றது போன். "வெளில வந்து நிக்கிறேன். அழுவாதீங்க. எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க, நான் வரேன்."